பாசி சுரண்டவா இவ்வளவு படித்தாள் என்று கேட்கிற அம்மாவுக்கு

அக்கா, மெடிசினுக்கு இசட் ஸ்கோர், அதுதான் பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற உயர்தரப் புள்ளி, காணாது என்பதே ஒரு கவலை, அதற்குமேல் மகள் கடலுக்குள் வைக்கிற கருவிகளில் ஒட்டி வளரும் உயிரினங்களைப் படிக்கப் போகிறேன் என்று நிற்கிறாள். பாசி சுரண்டவா இவ்வளவு டியூஷன் காசு கட்டினேன் என்கிறீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் யாழ்ப்பாணத்தில் குருநகர்ப் பக்கம் கரையில் இழுத்து வைத்திருக்கிற வள்ளத்தின் அடியை ஒருக்கால் தடவிப் பாருங்கள். கையைக் கீறுகிற அந்த வெள்ளைக் கூம்பு பார்னக்கிள். பார்க்கச் சிப்பி மாதிரி, உண்மையில் இறாலுக்கும் நண்டுக்கும் சொந்தம். குஞ்சாக நீந்தி வந்து, இடம் பார்த்து, தலையை ஒட்டிக்கொண்டு, பிறகு ஆயுள் முழுக்கக் காலால் இரையை வாரித் தின்கிறது. டார்வின் 1846இலிருந்து எட்டு வருஷம் இதோடுதான் கிடந்தார்.

வள்ளத்தில் ஒட்டினால் எண்ணெய்ச் செலவு கூடும். கடல்நீரை அளக்க உள்ளே வைக்கிற சென்சரில் ஒட்டினால் கதை வேறு: கண்ணாடியில் முதலில் பக்டீரியா வழுவழுப்பு, அதன்மேல் நுண்பாசி, பிறகு இந்தக் குஞ்சுகள் என்று ஏற, கருவி தன்பாட்டில் பிழையான எண்ணைச் சொல்லிக்கொண்டிருக்கும், கரையில் இருப்பவருக்குத் தெரியவும் வராது. அதனால்தான் செப்புத் தகடு, துடைப்பான் எல்லாம் பூட்டுகிறார்கள். தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024இல் திறந்தார்களே, அப்படிக் கடல்நீர் இழுக்கிற எந்தக் குழாய்க்கும் இதே தலையிடிதான்.

சரி, வேலை? ஒட்டி வளரும் உயிரினம் படித்தவர் தேவை என்று விளம்பரம் வராது, மறைக்காமல் சொல்கிறேன். நாரா என்கிற அரசாங்க நீர்வள ஆராய்ச்சி நிறுவனம், பல்கலைக்கழகங்கள், கடலட்டை, கடற்பாசிப் பண்ணைகள், வெளிநாட்டு மேற்படிப்பு, இப்படித்தான் சுற்றிப் போகவேண்டும். ஆகவே முதல் பட்டத்தை இந்த ஒரு விஷயத்துக்குள் குறுக்க வேண்டாம். யாழ் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் விலங்கியல் அல்லது கடற்றொழில், மாத்தறை போக விருப்பமென்றால் ருகுணுவின் கடற்றொழில் பீடம். இரசாயனவியலையும் புள்ளிவிபரவியலையும் விடவே கூடாது, ஒட்டாத பூச்சைத் தேடுகிறவர்களுக்கு அந்த இரண்டும்தான் கைகொடுக்கும். சுழியோட வேண்டுமே என்று பயப்படாதீர்கள், முக்கால்வாசி நேரம் நுணுக்குக்காட்டியில்தான் போகும்.

பல்கலைக்கழக விண்ணப்பப் படிவம் நிரப்ப முதல் ஒன்று செய்யுங்கள். கையளவு பிளாஸ்டிக் தட்டை நைலோன் கயிற்றில் கட்டி, தெரிந்த தொழிலாளி ஒருவரிடம் கேட்டு இறங்குதுறையில் தொங்கவிடுங்கள். கிழமைக்கு ஒருதரம் தூக்கி, படமெடுத்து, என்ன எத்தனை ஒட்டியிருக்கிறது என்று அவளே எண்ணட்டும். நாலாம் கிழமை நாற்றத்திலும் குனிந்து எண்ணிக்கொண்டிருந்தால், கொப்பியையும் எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் வாருங்கள்.