Re: அட்டோமியம் மாடல் சாய்ஞ்சு விழுது

ப்ரோ, பிரஸ்ஸல்ஸ்ல இருக்கிற ஒன்பது உருண்டைக் கட்டடமான அட்டோமியத்தோட மாடல் செஞ்சா சாய்ஞ்சு விழுதுன்னு நீங்க போட்ட படம் பாத்தேன், எட்டு மூலை உருண்டை சேர்ந்த கனசதுரத்தை முகம் தரையில படுற மாதிரி வச்சிட்டு அப்புறம் சாய்க்கிறீங்க, அங்கதான் சிக்கல். 1958 பிரஸ்ஸல்ஸ் கண்காட்சிக்கு பொறியாளர் ஆந்த்ரே வாட்டர்கெய்ன் வடிவமைச்சது ஒரு அணு இல்ல, இரும்போட படிக அமைப்பு, அதாவது இரும்புல அணுக்கள் அடுக்கியிருக்கிற முறை, அதை 165 பில்லியன் மடங்கு பெருசாக்கி ஒரே ஒரு மூலையில நிக்க வச்சிருக்காங்க. அதனால கீழ ஒரு உருண்டை, மேல மூணு, நட்ட நடுவுல ஒண்ணு, திரும்ப மூணு, உச்சியில ஒண்ணு.

1:200 ஸ்கேல்னா உயரம் 51 செமீ, உருண்டை 9 செமீ. கீழ் உருண்டையோட மையத்துல இருந்து உச்சி உருண்டை மையம் வரைக்கும் கிட்டத்தட்ட 42 செமீ வரும், அதுல கீழ இருந்து 14ல மூணு உருண்டை, 21ல நடு உருண்டை, 28ல அடுத்த மூணுன்னு மையங்களை மார்க் பண்ணிட்டு ஒட்டுங்க, தானா நேரா வந்துரும். உருண்டைகளை இணைக்கிற குழாய் மொத்தம் 20, கனசதுரத்தோட ஓரத்துக்கு 12, நடு உருண்டையை மூலைகளோட சேர்க்க 8. கீழ் மூணு உருண்டைக்கும் ஆளுக்கொரு ஜோடிக் கால் இருக்கே, அதை விட்டுட்டீங்க பாருங்க, கண்டிப்பா வைங்க!

அலுமினிய ஃபாயில் சுத்தினது சரிதான், 1958ல உருண்டை மேல இருந்த தகடு அலுமினியம்தான், 2004-06 புதுப்பிப்புலதான் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மாத்தினாங்க. ஆறு மாசம் நின்னா போதும்னு கட்டினது இன்னிக்கும் நிக்குது, எனக்கு ரொம்பப் பிடிச்ச கட்டடம் அது. கால் வச்சதும் படம் போடுங்க.