5 அடிக்கு 7 அடி குளியலறையில் குளியல் தொட்டி வைக்க முடியுமா? எந்த அளவில் வாங்குவது?

தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடு, 5க்கு 7 அடி குளியலறை, உடைத்துப் புதுப்பிக்கும்போது ஒரு தொட்டியும் வைத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுக் குளியலறையும் அச்சு அசலாக அதே அளவுதான். மகளின் நச்சரிப்பு தாங்காமல் நானும் வைத்தேன். வைக்க முடியும். ஆனால் நான் இரண்டு தொட்டி வாங்கி ஒன்றை வைத்தவன், அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

முதலில் வாங்கியது 1500 மில்லிமீட்டர் நீளம். கடைகளில் அதிகம் கிடைப்பது அந்த அளவுதான். பழைய டைல்ஸை உடைத்துப்போட்ட அன்று சுவருக்குச் சுவர் அளந்தேன், 1530 இருந்தது. முப்பது மிச்சம் என்ற தெம்பில் ஈப்போவுக்குப் போய்க் காசைக் கட்டிவிட்டு வந்தேன். நான் அளந்தது செங்கல் தெரிந்த சுவரை. அப்புறம் பூச்சு, பசை, டைல்ஸ் என்று பக்கத்துக்கு 25 மில்லிமீட்டர் ஏறிவிட்டது. டைல்ஸ் போட்ட அண்ணன் டேப்பை இழுத்துப் பிடித்தபடி, "பாஸ், 1480தான் இருக்கு" என்றார். கடையில் திருப்பி எடுக்க மறுத்துவிட்டார்கள். மச்சானின் கூட்டாளி பாதி விலைக்குத் தூக்கிக்கொண்டு போனார். இன்றைக்கு அதில் கெளுத்தி மீன் வளர்கிறது.

பிறகுதான் தெரிந்தது, வேலை செய்த வரிசையே தப்பு. சுவரோடு ஒட்டி உட்காரும் தொட்டியென்றால், தண்ணீர் கசியாத பூச்சு முடிந்ததும் தொட்டியை வைத்துவிட்டு, டைல்ஸை அதன் விளிம்பின்மேல் வந்து இறங்குகிற மாதிரி ஒட்ட வேண்டும். அப்போது சுவரில் வழிகிற தண்ணீர் நேராகத் தொட்டிக்குள் விழும். எங்கள் பக்கத்து ஆட்கள் டைல்ஸை எல்லாம் முடித்துவிட்டு, தொட்டியைக் கடைசியில் தள்ளி இடுக்கில் சிலிக்கான் பசை அடிப்பார்கள். அந்த சிலிக்கான் கறுத்து உரிய ஆரம்பித்தால் தண்ணீர் பின்னால் இறங்கும், நமக்குத் தெரியாது. முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

இரண்டாவதாக வாங்கியது 1400க்கு 700, அக்ரிலிக். மிஞ்சிய 80 மில்லிமீட்டரில் செங்கல் வைத்து மேலே டைல்ஸ் ஒட்டி, சோப்பும் சீயக்காய் டப்பாவும் வைக்கிற திட்டாக்கிவிட்டோம். வாசல் அளவையும் பாருங்கள். தொட்டியை ஒருக்களித்துச் சாய்த்தால் குறுகலான கதவிலும் நுழைந்துவிடும், உள்ளே போய்த் திரும்புவதில்தான் சண்டை. பழைய டிவி அட்டைப்பெட்டியைத் தொட்டி அளவுக்கு வெட்டித் தரையில் போட்டு, இரண்டு நாள் அதைச் சுற்றி நடமாடிப் பாருங்கள். கழிவுத் துளை இடப்பக்கமா வலப்பக்கமா என்பதையும் அந்த அட்டையிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

வார்ப்பிரும்புத் தொட்டி பார்க்க ராஜா மாதிரி இருக்கும், நூறு கிலோவுக்கு மேல் கனக்கும். நமக்கு வேண்டாம். அக்ரிலிக் முப்பது கிலோவுக்குள் வரும். கடையில் காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே ஏறி நின்று பாருங்கள். அடி அமுங்கி முனகினால் விட்டுவிடுங்கள். மாடியில் வைப்பதானால் தண்ணீர், ஆள், தொட்டி எல்லாம் சேர்ந்து 250 கிலோவைத் தொடும், தளத்தைக் கட்டட விவரம் தெரிந்தவரிடம் காட்டிவிட்டுச் செய்யுங்கள். எங்களுடையது தரைவீடு, அந்தக் கவலை இல்லை.

யாரும் முன்னாலேயே சொல்லாத விஷயம் ஹீட்டர். நம் வீடுகளில் ஷவருக்கு மாட்டியிருக்கும் சின்ன ஹீட்டர் பெரும்பாலும் 3.6 கிலோவாட். குழாய்த் தண்ணீர் 27 டிகிரி என்று வைத்தால், அதை 40 டிகிரிக்குச் சூடாக்கி நிமிடத்துக்கு நாலு லிட்டர்தான் அதனால் தர முடியும். 140 லிட்டர் நிரம்ப 35 நிமிடம். மகள் முதல் நாள் துண்டோடு உட்கார்ந்து காத்திருந்தாள். பாதி நிரம்புவதற்குள் அடியில் இருந்தது ஆறிவிட்டது. பிறகு 50 லிட்டர் சேமிப்பு ஹீட்டர் வாங்கினேன். அதில் 60 டிகிரிக்குச் சூடான தண்ணீரைப் பச்சைத் தண்ணீரோடு கலந்தால் 40 டிகிரியில் ஏறக்குறைய 125 லிட்டர் கிடைக்கும். ஆள் இறங்கினால் மட்டம் தானாக ஏறும், போதும். ஆக, தொட்டி விலையோடு ஹீட்டர் விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். அந்த லைனுக்குத் தனியாக 10 மில்லியாம்ப் இ.எல்.சி.பி. (மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனம்) இருக்கிறதா என்று வயர்மேனிடம் கேளுங்கள்.

எண்ணெய்க் குளியல் உள்ள வீடா? அப்படியென்றால் தொட்டிக்குள் உட்கார்ந்து எண்ணெய் தேய்க்காதீர்கள். தீபாவளியன்று நான் வழுக்கி முழங்கையை இடித்துக்கொண்டேன். சீயக்காய்ச் சக்கை கழிவுக்குழாயின் வளைவில் போய்க் கட்டிக்கொண்டது. நல்லவேளை, முன்பலகையில் கை விடுகிற அளவுக்கு ஒரு திறப்பு விட்டிருந்தோம். அது இல்லையென்றால் டைல்ஸை உடைத்திருக்க வேண்டும். மஞ்சள் கறையை வெளுக்கப் பொடி போட்டுத் தேய்த்ததில் பளபளப்பு போனது இன்னொரு கதை.

அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். எல்பில் ரப்பர் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) வளர்ந்தவர். பால்மரம் வெட்டிவிட்டு வந்து, கைலியோடு சிமெண்டுத் தொட்டியோரம் நின்று சொம்பால் மொண்டு ஊற்றிக் குளித்த பழக்கம். புதுத் தொட்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஊத்திக் குளிக்கச் சொம்பு இருக்கு, முங்கிக் குளிக்க ஆறு இருக்கு. ஊற வைக்கிறதுக்கு நான் என்ன அழுக்குத் துணியாடா?" என்றார். சிரித்தோம், ஆனால் 55 சென்டிமீட்டர் உயர விளிம்பை அவர் முழங்கால் தாண்டாது. அதனால் தொட்டிக்கு வெளியே இரண்டரை அடி இடம் விட்டு, வாளிக்கு ஒரு குழாயும் பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் வைத்தோம். உங்கள் வீட்டில் பெரியவர்கள் இருந்து, அந்த இரண்டரை அடி மிஞ்சாது என்றால், தொட்டியை விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன்.

மகள் இப்போது வாரம் ஒரு தடவை இறங்குகிறாள். தண்ணீர் வெட்டு வந்த மூன்று நாளும் நிரப்பி வைத்த அந்தத் தண்ணீரில்தான் வீடே ஓடியது, அம்மாவும் சொம்போடு உரிமையாக வந்துவிட்டார். குழாயில் தண்ணீர் வந்த அன்றே அடைப்பானைப் பிடுங்கிவிட்டேன். ஒரு வாரம் அப்படியே விட்டால் ஏடிஸ் கொசு பறக்க ஆரம்பித்துவிடும், எங்கள் வரிசையில் ஏற்கெனவே இரண்டு வீட்டில் டிங்கி (டெங்கு) காய்ச்சல்.