தமிழ்ப் பள்ளியில் 'ஸ்கூபி-டூ 2' போடலாமா?

கேள்வி: நியூ ஜெர்சியில் வார இறுதித் தமிழ்ப் பள்ளி ஒன்றில் தன்னார்வலராக இருக்கிறேன். ஹாலோவீன் வாரத்தில் பிள்ளைகளுக்கு 'ஸ்கூபி-டூ 2: மான்ஸ்டர்ஸ் அன்லீஷ்ட்' போட நினைக்கிறோம். வாடகைக்கு எடுத்த பள்ளிக் கஃபெட்டீரியா, 120 பேர், டிக்கெட் கிடையாது, பீட்சா உண்டு. டிவிடி எங்களுடையது. காற்றடைத்த திரை வாடகைக்குத் தருபவர், கூடுதலாக 75 டாலர் கொடுத்தால் "பெர்மிஷன் என் பொறுப்பு" என்கிறார். நம்பலாமா?

பதில்: முதலில் அந்த 75 டாலரைக் கொடுக்காதீர்கள். மீதியை நிதானமாகப் பேசலாம்.

டிவிடி வாங்கினால் அந்தத் தட்டுதான் உங்களுக்குச் சொந்தம். விற்கலாம், இரவல் கொடுக்கலாம். ஊரைக் கூட்டிப் போட்டுக் காட்டும் உரிமை மட்டும் படத்தை எடுத்த வார்னர் பிரதர்ஸ் தரப்பிடமே இருக்கிறது. "2004-இல் வந்த பழைய படம்தானே" என்று உங்கள் குழுவில் யாராவது சொல்வார்கள். கம்பெனி எடுத்த படத்துக்கு, வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டு பதிப்புரிமை. 2099 முடியும்வரை இருக்கிறது. 1969-இல் தொடங்கிய மூலக் கார்ட்டூனுக்கே 2064 முடிய வேண்டும்.

டிக்கெட் வாங்கவில்லை என்பதை எல்லோரும் பெரிய கவசமாக நினைக்கிறார்கள். சட்டம் பார்ப்பது கல்லாப்பெட்டியை அல்ல, கூட்டத்தை. குடும்பம், அதன் வழக்கமான நட்பு வட்டம் ஆகியவற்றைத் தாண்டிக் கணிசமான பேர் கூடினால் அது பொதுக் காட்சி. உங்கள் வீட்டு பேஸ்மென்டில் மகளின் எட்டுத் தோழிகளுக்குப் போட்டால் ஒருவரும் கேட்கப்போவதில்லை. அதே அழைப்பைத் தமிழ்ச் சங்க வாட்ஸ்அப்பில் போட்டால் கதை வேறு.

இதில் எனக்கே எரிச்சல் உண்டு. கட்டணமில்லாத பொங்கல் விழாவில், பாடுகிறவருக்கும் காசு கொடுக்காமல், சினிமாப் பாட்டை மேடையில் பாட 1976-ஆம் ஆண்டு அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் இடம் தருகிறது. அந்தப் பாட்டு வந்த படத்தைச் சுவரில் போட அதே விழாவுக்கு விலக்கில்லை. பாட்டுக்கும் கவிதைக்கும் இரங்கிய சட்டத்துக்கு, பிள்ளைகளுக்கு 93 நிமிடப் படம் காட்டும் தமிழ்ப் பள்ளி கண்ணில் படவே இல்லை. ஐம்பது ஆண்டாக யாரும் திருத்தவும் காணோம்.

பள்ளிக்கு ஒரு விலக்கு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, அதைத்தான் எல்லோரும் தப்பாகப் பிடித்துக்கொள்கிறார்கள். லாப நோக்கில்லாத கல்வி நிறுவனம், வகுப்பறை, ஆசிரியர் நேரில் இருந்து நடத்தும் பாடம், முறையாக வாங்கிய பிரதி: நான்கும் சேர வேண்டும். உங்கள் மூன்றாம் நிலை வகுப்பின் ஆசிரியர், கடைசியில் முகமூடியைக் கழற்றும் காட்சியை வகுப்பில் ஓட்டி, "யார் கழற்றினார்? உள்ளே யார் இருந்தார்?" என்று இறந்தகால வினைகளைச் சொல்ல வைத்தால், அது பாடம். அதற்கு உரிமம் வேண்டாம். முழுப் படத்தைக் கஃபெட்டீரியாவில் பெற்றோரோடும் தம்பி தங்கைகளோடும் பீட்சாவோடும் பார்த்தால், அது விருந்து. அழைப்பிதழில் "மொழிப் பயிற்சி" என்று அச்சடித்தாலும் விருந்துதான். பாதிப் படம் போட்டாலும் விருந்துதான். முடிவில் வினாத்தாள் கொடுத்தாலும்... புரிந்திருக்கும்.

இப்போது அந்தத் திரைக்காரர். அவர் வாடகைக்குத் தருவது துணியும் மின்விசிறியும் புரொஜெக்டரும். படத்தின் உரிமம் அவர் கையில் இருக்கும் பொருள் அல்ல. சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஒரு சங்கம் இப்படித்தான் ஒருவருக்கு ஸெல் (Zelle) என்ற பணப் பரிமாற்றச் சேவையில் பணம் அனுப்பி, பளபளவென்று லோகோ போட்ட ஒரு பக்கப் பிடிஎஃப் வாங்கி வைத்திருந்தது. வாசித்தேன். படத்தின் பெயர் இல்லை, தேதி இல்லை, "அனைத்துக் குடும்பப் படங்களுக்கும் அனுமதி" என்று ஒரு வரி, கீழே பெயரில்லாத கையெழுத்து. ஃபேஸ்புக்கில் போஸ்டரைப் பார்த்து உரிமைதாரர் தரப்பிலிருந்து கடிதம் வந்தபோது, பணம் வாங்கியவர் போனை எடுக்கவில்லை. இரண்டாம் முறை, கூடுதலாகவே கட்டினார்கள். நல்லவேளை, கடிதத்தோடு நின்றது. கோர்ட்டுக்குப் போனால் ஒரு படத்துக்கு 750 முதல் 30,000 டாலர் வரை; தெரிந்தே செய்ததாகக் கண்டால் 1,50,000 வரை போகலாம். போலித் தாளை நம்பினோம் என்பது உங்களைக் காப்பாற்றாது.

நல்ல உரிமத்தில் படத்தின் பெயர், காட்சி நாள், இடம், எத்தனை பேர், உங்கள் பள்ளியின் பெயர் எல்லாம் இருக்கும். இந்தப் படத்துக்கு நேராக ஸ்வாங்க் மோஷன் பிக்சர்ஸிடம் கேளுங்கள். வார்னர் படங்களின் திரையரங்கு அல்லாத காட்சிகளுக்கு அவர்கள்தான் உரிமம் தருகிறார்கள். ஒரு காட்சிக்குச் சில நூறு டாலர் ஆவது வழக்கம். கட்டணம் கூட்டத்தைப் பொறுத்தது, அதனால் 120 பேர் என்றால் 120 என்றே சொல்லுங்கள். படிவத்தில் நாலு இடத்தில் ஒரே விவரத்தைக் கேட்பார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள், மூன்று நான்கு வாரம் முன்பே தொடங்குங்கள். விளம்பரத்துக்குக் கட்டுப்பாடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டே போஸ்டர் அடியுங்கள்.

பணம் கட்டும் முன் ஒரு போன்: கஃபெட்டீரியா இருக்கும் பள்ளி, படம் காட்ட ஆண்டு உரிமம் வைத்திருக்கிறதா என்று அலுவலகத்தில் விசாரியுங்கள். இருந்தாலும் அது அவர்கள் நிகழ்ச்சிகளுக்கானது. வாடகைக்கு வந்த உங்களுக்குத் தானாக ஒட்டாது. "செல்லும்" என்றால் எழுதித் தரச் சொல்லுங்கள். நெட்ஃபிளிக்ஸில் போட்டுக்கொள்ளலாமே என்ற யோசனையை எடுத்த எடுப்பிலேயே விட்டுவிடுங்கள். அந்தச் சந்தா வீட்டுக்கு மட்டும்.

கேட்காத கேள்விக்கும் ஒரு வரி. படம் பிஜி, அதாவது பெற்றோர் வழிகாட்டல் நல்லது என்ற தரச்சான்று பெற்றது. மியூசியத்தில் வைத்திருந்த பழைய வில்லன்களின் வேஷங்கள் உயிர்பெற்று எழும் கதை, பெரிய பிள்ளைகளுக்குச் சிரிப்புதான். கடைசியில் ஸ்கூபி என்ற நாயைத் தவிர எல்லோரையும் பிடித்து வைத்துக்கொள்ளும் தார்ப் பூதம் வரும்போது மட்டும், நாலு வயதுக்காரர்களைப் பீட்சா மேசைப் பக்கம் அழைத்துப் போய்விடுங்கள்.