எண்ணெய்க்கும் நீருக்கும் இடையிலான எல்லையும் உங்கள் மகளின் படிப்பும்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு, வணக்கம்.

பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரசாயனப் பொறியியல் இறுதியாண்டு பயிலும் உங்கள் மகள், ஓடும் நீரில் எண்ணெய்த் துளிகள் ஒன்றுசேர்ந்துவிடாமல் நானோ துகள்கள் (மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கான நானோமீட்டரால் அளக்கப்படும் மிக நுண்ணிய துகள்கள்) எவ்வாறு காக்கின்றன என்பதை ஆய்வுக்கு எடுத்திருப்பது உங்களுக்குக் கவலையளிக்கிறது. "ஒட்டாத இரண்டைப் படித்து என்ன வேலை கிடைக்கும்?" என்று கேட்டிருந்தீர்கள்.

பிழிந்துவைத்த தேங்காய்ப்பாலில் கொழுப்புத் துளிகள் உடனே ஒன்றுசேர்ந்துவிடாமல் தடுப்பது அதிலுள்ள புரதம். நுண்ணிய திடத்துகள்களும் அவ்வேலையைச் செய்யும் என்று ராம்ஸ்டன், பிக்கரிங் என்ற அறிவியலாளர்கள் முறையே 1903-இலும் 1907-இலும் எழுதினார்கள். எண்ணெயிலும் நீரிலும் ஏறக்குறைய சமமாக நனையும், 10 நானோமீட்டர் ஆரமுள்ள துகள் இரண்டுக்கும் இடையிலான எல்லையில் அமர்ந்துவிட்டால், அதைப் பெயர்க்க, அறை வெப்பநிலையில் துகளை உலுக்கும் வெப்ப ஆற்றலைவிட ஆயிரம் மடங்குக்கும் மேற்பட்ட ஆற்றல் தேவைப்படும். ஆரம் 1 நானோமீட்டரானால் அத்தேவை நூறில் ஒரு பங்காகிப் பிடி தளர்ந்துவிடும்.

ஓட்டம் வந்ததும் கணக்கு மாறுகிறது. வேகமான ஓட்டம் துளிகளைக் கிழித்துப் புதிய பரப்பை உண்டாக்குகிறது. துகள்கள் அங்கே வந்து சேருமுன் அண்டைத் துளி மோதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன, போதுமான துகள்கள் சேர்ந்த பின்னரோ பரப்பு ஒரு மெல்லிய ஓடுபோல இறுகி, நீள இழுக்கப்பட்ட துளி மீண்டும் உருண்டையாகாமல் அப்படியே நின்றுவிடுவதும் உண்டு. நீர்மங்களின் ஓட்டத்தை ஆராயும் பாய்மவியலும் பரப்பு வேதியியலும் ஒரே துளியில் சந்திக்கும் இந்த இடத்தைப் புரிந்துகொண்ட மாணவரை நான் குறுகிய துறைக்காரர் என்று கருதமாட்டேன்.

வேலைக்கு வருவோம். முகப்பூச்சு, உணவு, மருந்துத் தயாரிப்பில் துளிகள் ஒன்றுசேர்ந்து எண்ணெயும் நீரும் பிரிந்துவிடாதிருக்க வேண்டும். சிங்கப்பூரில் ஏழு தீவுகளை இணைத்து உருவாக்கிய ஜூரோங் தீவில் உள்ளவை போன்ற சுத்திகரிப்பு ஆலைகளுக்குத் தேவை இதற்கு நேர்மாறு: கச்சா எண்ணெயின் உப்பை நீரால் கழுவும்போது, நுண்களிமண் ஒன்றுசேரவிடாமல் பிடித்துவைத்திருக்கும் நீர்த்துளிகளை ஒன்றுசேரவைத்துப் பிரித்தெடுத்தாக வேண்டும். இரண்டுக்கும் அறிவு ஒன்றே. ஆகவே 'நானோ' என்ற பெயருள்ள பதவியைத் தேடாமல், செயல்முறைப் பொறியாளர், தயாரிப்பு உருவாக்கம் ஆகிய பணிகளைப் பாருங்கள். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திலோ நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலோ இரசாயனப் பொறியியல் தொடர விரும்பினால், இப்போதே கணிதத்தையும் பாய்மவியலையும் உறுதிப்படுத்திக்கொள்ளட்டும். அவரிடம் நான் காணும் ஒரே குறை கணிதத்தில்தான்.

அடுத்த சந்திப்புக்கு அவரையும் அழைத்துவாருங்கள். ஒரே ஓட்ட வேகத்தில், துகள் சேர்த்தும் சேர்க்காமலும் எடுத்த துளிப் படங்களை அவர் கொண்டுவரட்டும். அவற்றை உங்களுக்கு அவரே விளக்கட்டும்.