தொய்ந்துபோன சமையலறை அலமாரிக்கு எந்த மரம் வாங்குவது?

கேள்வி: எங்கள் அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில் நான்கு ஆண்டுகளுக்கு முன்பு பொருத்திய சுவர் அலமாரி மூன்றடி அகலம், பார்ட்டிக்கிள் போர்டில் செய்தது. எவர்சில்வர் பாத்திரங்களின் பாரத்தால் அதன் நடுத்தட்டு தொய்ந்துவிட்டது. தேக்குப் பலகை போடலாம் என்கிறார் ஆசாரி. ஈரம் தாங்கும் ஒட்டுப்பலகையான மரைன் பிளைவுட்டே போதும் என்கிறார் கடைக்காரர். எதை வாங்குவது?

பதில்: கடைக்காரர் சொல்வதே சரி. ஆனால் கடைக்குப் போவதற்கு முன்பு அலமாரியைக் காலி செய்துவிட்டு, சுவரோடு பிணைத்திருக்கும் திருகுகளைப் பாருங்கள். திருகைச் சுற்றி மாவுபோலத் தூள் உதிர்ந்திருந்தாலோ, முன்பு இல்லாத இடைவெளி மேல்விளிம்பில் தெரிந்தாலோ, அலமாரியே சுவரை விட்டு விலகத் தொடங்கிவிட்டது என்று பொருள். தொய்ந்த தட்டு கண்ணை உறுத்தும், அவ்வளவுதான். பிடிவிட்ட திருகோ அலமாரியை அடுப்பில் நிற்பவரின் தலையில் இறக்கிவிடும். மரத்தூளைப் பசையிட்டு அழுத்திச் செய்யும் பார்ட்டிக்கிள் போர்டு, ஈரமும் நீராவியும் பட்டால் உப்பிப்போகும். ஒருமுறை உப்பிய இடத்தில் எந்தத் திருகும் மறுபடி பிடிக்காது. அப்படியாகியிருந்தால் தட்டை மட்டும் மாற்றுவது வீண்செலவு. பெட்டியையே பிளைவுட்டில் செய்துகொள்ளுங்கள்.

பெட்டி நன்றாக இருந்தால், 18 மி.மீ. பிளைவுட்டில் புதிய தட்டு போதும். மேற்பரப்பின் மர ரேகை தட்டின் நீளவாக்கில் ஓடும்படி அறுக்கச் சொல்லுங்கள். குறுக்கே ஓடினால் அதே பலகை எளிதில் வளையும். தட்டின் முன்விளிம்பில் ஒன்றரை அங்குல ரீப்பரை (ஒடுக்கமான மரச்சட்டத்தை) நிமிர்த்திவைத்துப் பசையும் திருகும் போட்டால் நன்றாகத் தாங்கும். படுக்கவைத்த ஸ்கேல் வளைவதையும் நிமிர்த்திய ஸ்கேல் வளையாததையும் பள்ளியிலேயே பார்த்திருப்பீர்கள். நடுவில் ஒரு தடுப்பு கொடுக்க முடிந்தால் அது இன்னும் மேல், ஏனெனில் தாங்கும் இடைவெளி பாதியானால் தொய்வு எட்டில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். தேக்கு நல்ல மரம்தான். ஆனால் அகலமான ஒற்றைப் பலகை சரியாக உலராமல் வந்தால் கோணிக்கொள்ளும், விலையும் அதிகம். ரீப்பருக்கு மட்டும் தேக்கு வாங்குங்கள்.

‘மரைன்’ என்று கடைக்காரர் வாயால் சொல்வதை நம்பிவிடாதீர்கள். பலகையிலேயே ஐ.எஸ். 710 என்ற மரைன் பிளைவுட்டின் தர எண்ணும், ஐ.எஸ்.ஐ. முத்திரையும், சி.எம்./எல். எனத் தொடங்கும் உரிம எண்ணும் அச்சாகியிருக்க வேண்டும். அந்த உரிம எண்ணை, இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் கடையிலேயே சரிபார்க்கலாம். எம்.ஆர். என்று அச்சிட்டது ஈரத்தை ஓரளவே தாங்கும் தரம், சமையலறைக்கு ஆகாது. பில்லில் தரமும் தடிமனும் எழுதி வாங்குங்கள்.

அலமாரியின் அடிப்பலகைக்குக் கீழே சுவரில் ஒரு ரீப்பரை ஆங்கர் போல்ட்டால் இறுக்கி, பெட்டி அதன்மேல் உட்காரும்படி செய்தால், பாரம் முழுவதும் திருகில் தொங்காது. போல்ட் டைல்ஸையும் பூச்சையும் கடந்து செங்கல்லுக்குள் இறங்க வேண்டும். ஹாலோ பிளாக் சுவரானால் அதற்கென்றுள்ள ஃபாஸ்ட்னரைக் கேட்டு வாங்குங்கள். ஆசாரி டிரில்லைக் கையில் எடுப்பதற்கு முன்பு, அந்தச் சுவருக்குள் தண்ணீர்க் குழாயும் மின்வயரும் ஓடும் இடத்தைச் சாக்பீஸால் குறித்துக்கொடுத்துவிடுங்கள்.