கரப்பான் புண்ணுக்குக் கிருமிநாசினி போடலாமா?

கேள்வி: என் மகனுக்கு 4 வயது. முழங்கை மடிப்பிலும் முழங்கால் மடிப்பிலும் கரப்பான். சொறிந்து சொறிந்து இப்போது நீர் வடிகிறது. குளிக்கிற தண்ணீரில் தினமும் ஆன்டிசெப்டிக் லிக்விட் ஊற்றுகிறேன்; எரிகிறது என்று அழுகிறான். அமெரிக்காவில் இருக்கும் என் அக்கா, அங்கே பிளீச் கலந்து குளிப்பாட்டுவார்கள் என்கிறாள். பிளீச்சிங் பவுடர் வாங்கிப் போடலாமா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: இரண்டுமே வேண்டாம் அம்மா. அவன் அழுவது அடம் இல்லை. கரப்பான் உள்ள தோலுக்குத் தடுப்புச் சக்தி குறைவு. நல்ல தோலை ஒன்றும் செய்யாத லிக்விட் கூட அங்கே உள்ளே இறங்கி எரிக்கும்; அந்த எரிச்சலே அரிப்பைக் கூட்டும். இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

அக்கா சொன்னதும் பொய்யில்லை. கரப்பான் தோலில் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா எளிதில் குடியேறிவிடும். அதற்காகத்தான் பிளீச் குளியல். 2009-இல் சிகாகோ மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், புண்ணில் தொற்று ஏற்பட்ட குழந்தைகளுக்கு வாரம் இரண்டு முறை இப்படிக் குளித்ததில் கரப்பான் தணிந்தது. ஆனால் அங்கே கணக்கு, சுமார் 150 லிட்டர் பிடிக்கும் தொட்டிக்கு அரை கப் திரவ பிளீச். நம் வீட்டில் பக்கெட்டும் மக்கும்தானே? பிளீச்சிங் பவுடர் வேறு பொருள். அதன் வீரியம் பாக்கெட்டுக்குப் பாக்கெட் மாறும், கரையாத துகள் பட்டால் தோல் வெந்துவிடும். பிற்கால ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, வெறும் தண்ணீர்க் குளியலும் ஏறக்குறைய அதே பலனைத் தந்திருந்தது.

நீர் வடிகிற கட்டத்தில் நான் எழுதிக் கொடுப்பது பொட்டாசியம் பெர்மாங்கனேட். 10 லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம்தான். கண் அளவில் போடாதீர்கள். உங்கள் தோல் மருத்துவரிடம் காட்டி, அளவைக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். ஒரு துகள்கூட மிஞ்சாமல் கரைந்து, வெளிர் ரோஜா நிறம் வர வேண்டும். மெல்லிய பருத்தித் துணியை நனைத்துப் புண் மேல் 10 முதல் 15 நிமிடம் வையுங்கள். பழுப்பாகிவிட்ட தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்க வேண்டும். நகத்தில் கறை பிடிக்கும், முதலில் வாசலின் தடவிவிடுங்கள். வாயில் போனால் பெரிய ஆபத்து, பையன் கைக்கு எட்டாமல் வையுங்கள். நீர் வடிவது நின்றதும் இதையும் நிறுத்த வேண்டும். தொடர்ந்தால் தோல் வறண்டுவிடும்.

அப்புறம், கிருமியை விரட்டுவதாலேயே கரப்பான் போய்விடாது. வெதுவெதுப்பான தண்ணீரில் சீக்கிரம் குளிப்பாட்டி, ஒற்றி எடுத்து, ஈரம் காயும் முன்பே வாசனை இல்லாத மாய்ஸ்சரைசரைத் தாராளமாகத் தடவுங்கள். மருத்துவர் ஸ்டீராய்டு கிரீம் கொடுத்தால் பயந்து பாதியில் விட்டுவிடாதீர்கள். சொன்ன அளவில், சொன்ன நாள்வரை போட்டால் நல்ல மருந்து அது.

புண்ணில் தேன் நிறத்தில் பொருக்குக் கட்டினால் தாமதிக்காமல் காட்டுங்கள். ஒரே அளவில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் கூட்டமாகக் கிளம்பி, காய்ச்சலும் வந்தால் அது ஹெர்பிஸ் வைரஸாக இருக்கலாம். விடியட்டும் என்று இருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.