ஷாகுஹாச்சி: ஒரு காலத்தில் இசைக்கருவியாகவே இல்லாத புல்லாங்குழல்

கேள்வி: ஜப்பானின் ஷாகுஹாச்சி என்ற மூங்கில் குழலின் வரலாறு என்ன? அதை வாசிக்கும்போது ஏன் எப்போதும் காற்றுச் சத்தமும் சேர்ந்தே கேட்கிறது?

காற்றுச் சத்தத்தைப் பற்றியும் கேட்டது நல்லதாகப் போயிற்று. அதைச் சொன்னால் வரலாறும் கூடவே வந்துவிடும்.

வேலைக்காக கியோட்டோவில் 3 ஆண்டு இருந்தபோது, ஒரு பெரியவரிடம் வாரம் ஒருநாள் இதைக் கற்றேன். சிறு வயதில் நம் புல்லாங்குழல் படித்திருந்தும் முதல் இரண்டு வாரம் எனக்குச் சத்தமே வரவில்லை. இதை நேராகப் பிடித்து, மேல் முனையில் ஊத வேண்டும். அந்த விளிம்பைச் சாய்வாகச் சீவி, தேயாமல் இருக்க எருமைக் கொம்புச் சில்லு ஒன்றைப் பதித்திருப்பார்கள். உங்கள் மோவாய்தான் குழலின் வாயை முக்கால்வாசி மூடுகிறது. மீதி இடைவெளியில் காற்று அந்த விளிம்பில் பட்டுப் பிளந்தால்தான் ஒலி. முன்னால் 4 துளை, பின்னால் 1. இடையில் உள்ள சுரங்களுக்குத் துளையைப் பாதி மூடுவதோடு தலையையும் தாழ்த்தி உயர்த்த வேண்டும். 'தலையாட்ட மூன்று வருஷம்' என்று அங்கே ஒரு பழமொழியே உண்டு.

பெயர் வெறும் அளவுதான். ஒரு ஷாகு என்பது சுமார் 30.3 செ.மீ., அதில் பத்தில் ஒரு பங்கு சுன். ஒரு ஷாகு எட்டு சுன், அதாவது 54.5 செ.மீ. எட்டுக்கு ஜப்பானியச் சொல் ஹாச்சி.

சீனாவின் தாங் வம்சக் காலத்தில் அரசவை இசையோடு ஜப்பானுக்கு வந்த குழல் இது. நாராவில் உள்ள ஷோசோயின் கருவூலத்தில் அந்தப் பழைய குழல்கள் 8 இன்றும் இருக்கின்றன. அவற்றில் 6 துளைகள். மூங்கிலில் மட்டுமல்ல, தந்தத்திலும் கல்லிலும்கூடச் செய்திருக்கிறார்கள். ஒன்றில் பெண்களின் உருவங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். அப்புறம் அரசவையில் அதன் வழக்கம் ஒழிந்துபோனது.

எடோ காலத்தில் (1603–1868) அது வேறு கைகளுக்குப் போயிருந்தது. போர்கள் ஓய்ந்ததும் எஜமான் இல்லாமல் போன சாமுராய்கள் பலர் ஃபூகே என்ற ஜென் பௌத்தப் பிரிவில் சேர்ந்தார்கள். இவர்களுக்குக் கொமுசோ என்று பெயர். முகம் முழுவதையும் மூடும் கூடைத் தொப்பியை மாட்டிக்கொண்டு, குழல் ஊதி, ஊர் ஊராகப் பிச்சை எடுத்தார்கள். அவர்களுக்கு ஷாகுஹாச்சி இசைக்கருவி அல்ல, தியானத்துக்கான பொருள். உட்கார்ந்து செய்யும் ஜென்னுக்கு 'ஸாஸென்' என்று பெயர். இவர்கள் செய்தது 'சுய்ஸென்', ஊதிச் செய்யும் ஜென். ஒரே மூச்சில் ஒரு சுரம், அது தேய்ந்து மறையும் வரை கவனம். அப்படி ஊதும்போது மூச்சின் ஓசையை எதற்காக மறைக்க வேண்டும்? உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்.

1614-இல் ஷோகுன் (நாட்டை ஆண்ட படைத்தலைவர்) ஆட்சி தங்களுக்குத் தனி உரிமைகளும் தடையில்லாப் பயணமும் தந்ததாக கொமுசோக்கள் ஓர் ஆவணத்தைக் காட்டி வந்தார்கள். அது பிற்காலத்தில் புனையப்பட்டது என்பதே ஆய்வாளர்களின் கருத்து. எல்லாக் கொமுசோக்களும் ஒற்றர்கள் என்று இணையத்தில் சொல்வதை அப்படியே நம்பிவிடாதீர்கள்.

அந்தத் துறவிகளில் எனக்கு மிகவும் பிடித்தவர் குரோசாவா கின்கோ (1710–1771). கோயிலுக்குக் கோயில் தனித்தனியாகக் கிடந்த பாடல்களைத் தேடித் திரட்டி ஒழுங்குபடுத்தினார். இன்றைய கின்கோ மரபின் 36 பாடல்களுக்கு அதுதான் அடிப்படை. அவர் அலையாமல் இருந்திருந்தால் அவற்றில் பல, கோயில்களோடு சேர்ந்தே அழிந்திருக்கும். ஏனென்றால் 1871-இல், ஷோகுன் ஆட்சிக்குப் பின் வந்த மெய்ஜி அரசு ஃபூகே பிரிவையே கலைத்துவிட்டது. அந்த நேரத்தில் அராகி கோடோ, யோஷிதா இச்சோ போன்ற கலைஞர்கள் அரசிடம் மன்றாடி, சாதாரண இசைக்கருவியாகவாவது இதை வாசிக்க அனுமதி வாங்கினார்கள். அப்படித்தான் கோட்டோ, ஷாமிசென் ஆகிய தந்திக் கருவிகளோடு இது மேடையேறியது. 1896-இல் நகாவோ தோஸான் ஒசாகாவில் புது மரபொன்றைத் தொடங்கினார். 1967-இல் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவோடு ஜப்பானிய இசையமைப்பாளர் தகெமிட்சுவின் இசையில் யொகொயாமா கட்சுயா இதை வாசித்தார். அதெல்லாம் பின்கதை.

எங்கிருந்து கேட்கத் தொடங்குவது என்றால், யாமகுச்சி கோரோ வாசித்த நாரைக் கூட்டின் பாடலைச் சொல்வேன். 1977-இல் வாயேஜர் விண்கலங்களில் அனுப்பிய தங்க இசைத்தட்டில் அது இருக்கிறது. நம் நாட்டு இந்துஸ்தானிப் பாடகி கேசர்பாய் கேர்க்கரின் பாட்டும் அதே தட்டில்தான். அது பழகிய பிறகு 'கியோரெய்' என்ற பழைய ஃபூகே பாடலைக் கேளுங்கள். ஹெட்போன் போட்டு, இரவில். ஒவ்வொரு சுரமும் முடிந்து, அடுத்த மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம்கூடக் கேட்கும்.